தினமும் ராத்திரி ஃபைல்களை சர்வருக்குத் தானாக அனுப்ப என்ன வழி? (லைன் அடிக்கடி போகும் ஊர்)

நண்டுசெட்_கணக்கு, தேவிபட்டினம்

எல்லோருக்கும் வணக்கம். தேவிபட்டினத்தில் ஒரு நண்டு கொள்முதல் செட்டில் கணக்கு பார்க்கிறேன். விடியக்காலம் முதல் வத்தை (நாட்டுப்படகு) கரை சேர்ந்ததும் எடை போட ஆரம்பித்துவிடுவோம். எடை மெஷினோடு இணைத்திருக்கும் லேப்டாப் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சிஎஸ்வி ஃபைல் (எளிய அட்டவணைக் கணக்கு) போடும். அதோடு பெட்டிவாரியாகப் போட்டோ. எல்லாம் சேர்த்து நாளைக்கு 400 எம்பி பக்கம் வரும். இது சென்னையில் இருக்கும் எங்கள் ஆபீஸ் சர்வருக்குப் போக வேண்டும். அங்கே ஓடும் மென்பொருள் அந்த ஃபோல்டரைப் பார்த்துத்தான் படகுக்காரர்களுக்குப் பட்டுவாடா போடுகிறது.

இப்போதைக்கு ஃபைல் அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவைத் திறந்து, இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன். பாதியில் லைன் போனால் மறுநாள் யாராவது "என் பணம் எங்கே" என்று வந்து நிற்கும்போதுதான் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு 61 நாள் நிற்கும், நாட்டுப்படகுச் சரக்குக்குக் கிராக்கி கூடிவிடும். அந்த நேரத்தில் இதோடு மல்லுக்கட்ட முடியவில்லை.

விண்டோஸ் 10 லேப்டாப், யுஎஸ்பி டாங்கிள். ஃபைல்ஜில்லாவிலேயே நேரம் குறித்து வைக்க வழி உண்டா? புரோகிராமிங் எனக்குத் தெரியாது.

பாம்பன்_தம்பி

அண்ணே, இதற்கு எதற்கு சர்வர்? கூகுள் டிரைவ் டெஸ்க்டாப் ஆப்பைப் போட்டு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். லைன் போய் வந்தாலும் அதுவே ஏற்றிக்கொள்ளும். 15 ஜிபி இலவசம்.

நண்டுசெட்_கணக்கு

தம்பி, அந்த மென்பொருள் சர்வர் ஃபோல்டரை மட்டும்தான் படிக்கும். அதை மாற்றச் சொல்ல நான் யார்? 15 ஜிபியும் ஒரு மாசம் சொச்சத்தில் நிறைந்துவிடும்.

ராம்நாடு_லினக்ஸ்

ஃபைல்ஜில்லாவில் வழி இல்லை. கமாண்ட் லைனில் இருந்து அப்லோடு செய்யும் வசதி அதில் கிடையாது. கையால் இழுத்துப் போடுவதற்கு அருமையான மென்பொருள், அதோடு சரி. உங்களுக்கு வேண்டியது வின்எஸ்சிபி. அதுவும் இலவசம், பார்க்கவும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், ஆனால் ஸ்கிரிப்ட் (வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள்) ஓட்டலாம். அந்த ஸ்கிரிப்டை விண்டோஸில் இருக்கும், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டினால் வேலை முடிந்தது.

அதற்கு முன் ஒரு கேள்வி. இப்போது எந்த போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) இணைகிறீர்கள், 21-ஆ 22-ஆ?

நண்டுசெட்_கணக்கு

21 என்றுதான் இருக்கிறது.

ராம்நாடு_லினக்ஸ்

அப்படியென்றால் அது ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி. இன்றும் புழக்கத்தில் இருக்கும் அதன் விதிமுறை 1985-இல் எழுதியது. சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே திறந்த எழுத்தில் லைனில் போகும். ஃபின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ இப்படிப் போகும் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான், 1995-இல் அங்கிருந்த டாட்டு இலோனென், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். அதன் மேல் ஃபைல் அனுப்புவது எஸ்எஃப்டிபி, போர்ட் 22.

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், டாங்கிளில் வேலை பார்க்கிறவருக்கு வேறு காரணமும் இருக்கிறது. எஃப்டிபி இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளும். கட்டளைக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. பெரிய ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது கட்டளை இணைப்பு சும்மா கிடக்கும். மொபைல் நெட்வொர்க் நடுவில் நின்று அதைச் "செத்துவிட்டது" என்று அறுத்துவிடும். ஃபைல் முழுசாகப் போயிருக்கும், ஆனால் உங்கள் பக்கம் பிழை என்று வரும். எஸ்எஃப்டிபியில் எல்லாம் ஒரே இணைப்பில் போவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆபீஸில் கேட்டு 22-க்கு மாறுங்கள். இது ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்.

மண்டபம்_நீரடி

நான் மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் பவளப்பாறை, கடல்புல் வீடியோ எடுக்கும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறேன். எங்கள் அனுபவத்தில் ஃபைல் அனுப்ப ஆர்சிங்க் என்ற மென்பொருள்தான் ராஜா. 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் எழுதியது, இன்னும் அசைக்க முடியவில்லை. ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், வேகத்துக்கு வரம்பு போடலாம், விட்ட இடத்தில் இருந்து தொடரும். வின்எஸ்சிபி எல்லாம் எதற்கு?

ராம்நாடு_லினக்ஸ்

அண்ணே, அவரிடம் இருப்பது விண்டோஸ். அதில் ஆர்சிங்க் ஓட்ட டபிள்யூஎஸ்எல் அல்லது சிக்வின் (விண்டோஸுக்குள் லினக்ஸ் மென்பொருளை ஓட்ட உதவுபவை) போட வேண்டும். புரோகிராமிங் தெரியாது என்கிறவரை அந்தப் பக்கம் தள்ள வேண்டாமே. அவருடைய போட்டோக்கள் தினம் புதிது, பழைய ஃபைல் எதுவும் மாறுவதில்லை. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

மண்டபம்_நீரடி

அது சரிதான். எங்கள் வீடியோவுக்கும் அந்த வகையில் லாபம் இல்லை. தொடரும் வசதிக்காகத்தான் வைத்திருக்கிறோம். அதில் ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஆர்சிங்க் வேறு ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகுதான் உண்மையான பெயரை வைக்கும். நடுவில் அறுந்தால் அந்தத் துண்டை அழித்துவிடும். அழிக்காமல் வைத்துக்கொள்ள 'பார்ஷியல்' என்று கொடுப்போம். ஆனால் அப்போது பாதி ஃபைலே முழு ஃபைலின் பெயரோடு சர்வரில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் 'பார்ஷியல்-டிர்' கொடுத்தால் துண்டுகள் தனி ஃபோல்டரில் கிடக்கும்.

கீழக்கரை_ஸ்டுடியோ

கல்யாண ஆல்பம் டிசைனுக்குப் போட்டோக்களை தினமும் வெளியூர் சர்வருக்கு ஏற்றுகிறேன், வின்எஸ்சிபிதான். நண்டுக் கணக்கரே, பயப்படாதீர்கள். கட்டளையை நீங்கள் தட்டச்சு செய்யவே வேண்டாம். ஒருமுறை வழக்கம்போல் கனெக்ட் செய்து, ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அப்லோடு பெட்டியைத் திறங்கள். அதிலேயே 'ஜெனரேட் கோடு' இருக்கும். அதை அழுத்தினால் ஸ்கிரிப்ட், அதை ஓட்டும் பேட்ச் ஃபைல் இரண்டையும் அதுவே எழுதித் தரும். சர்வரின் கைரேகையும் (அதை அடையாளம் காட்டும் குறியீடு) அதில் வந்துவிடும், அந்த வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள். ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் "இந்த சர்வரை நம்பலாமா, ஆம்/இல்லை" என்று திரையில் கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாது. ஃபைல் பெயரைத் தமிழில் நீளமாக வைத்தால் லினக்ஸ் சர்வர் ஏற்காது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்துப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். விண்டோஸ் 255 எழுத்துக்குறி வரை பேசாமல் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் கணக்கு 255 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'கொ' என்பதில் க ஒன்று, அந்தக் கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, ஆக 6 பைட். 85 குறியைத் தாண்டினால் "பெயர் நீளம்" என்று திருப்பி அனுப்பிவிடும். மற்ற ஃபைல் எல்லாம் போயிருக்கும், அந்த ஒன்று மட்டும் நிற்கும்.

பாம்பன்_தம்பி

கீழக்கரைக் காக்கா, இது புதுசாக இருக்கிறதே! எங்கள் காலேஜ் புராஜெக்டில் ஒரு ஃபைல் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான் போல.

நண்டுசெட்_கணக்கு

ஆபீஸில் 22 திறந்து கொடுத்துவிட்டார்கள். காக்கா சொன்ன மாதிரி ஸ்கிரிப்ட் எடுத்தேன். பேட்ச் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் கடகடவென்று போகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி 9 மணிக்கு வைத்தால் மட்டும் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடுவதில்லை. நேற்று கரண்ட் இல்லை. ஆனால் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, டாங்கிளும் எரிந்தது. ஓடவில்லை.

ராம்நாடு_லினக்ஸ்

விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டாஸ்க் ஷெட்யூலரில் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில், மின்இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஒரு டிக் இருக்கும். யாரும் போடாமலே அந்த டிக் விழுந்திருக்கும். பேட்டரிக்கு மாறினால் நிறுத்திவிடு என்று அடுத்த டிக். இரண்டையும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் இந்த இரண்டு டிக்கோடு எந்த வேலையும் ஒழுங்காக ஓடாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் 'செட்டிங்ஸ்' பக்கம். குறித்த நேரம் தவறினால் முடிந்த உடனே ஓட்டு என்பதற்கு டிக் போடுங்கள், அது தானாக இருக்காது. 9 மணிக்கு லேப்டாப் மூடியிருந்தால் திறந்ததும் ஓடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே என்பது தானாகவே இருக்கும், அதைத் தொடாதீர்கள். தொட்டால் ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு என்று வைத்தால், இசட் டிரைவ் மாதிரி மேப் செய்த டிரைவ் எதுவும் அந்த டாஸ்க்குக்குத் தெரியாது. ஸ்கிரிப்டில் முழு முகவரி கொடுங்கள்.

ஏர்வாடி_நெட்

இவ்வளவு கூத்து எதற்கு? பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்பினால் காலையில் சென்னை. நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நெட்டை நம்பியவன் எல்லாம் கடைசியில் என் கடையில் வந்துதான் நிற்கிறான்.

லைன் போகிறது என்பதற்கும் பாதிக் காரணம் நெட் இல்லை. உப்புக்காற்று. லேன் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், செம்பு பச்சை பிடித்திருக்கும். கிரிம்ப் செய்து புது முனை போட்டால் போகிற லைன் திரும்பி வரும். டாங்கிளின் யுஎஸ்பி முனைக்கும் இதே கதிதான்.

மண்டபம்_நீரடி

பஸ் யோசனையைச் சிரித்து ஒதுக்க முடியாது. எங்கள் கேமரா 4 ஜிபி துண்டுகளாக வெட்டும். எங்களுக்குக் கிடைக்கும் 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்) அப்லோடில் ஒரு துண்டுக்கு நாலரை மணி நேரம் பக்கம். ஒரு சீசன் வீடியோ 500 ஜிபி என்றால் 23 நாள் விடாமல் ஏற்ற வேண்டும். அதனால் மொத்த வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் போட்டு சென்னை போகும் சேது எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆளோடு அனுப்புவோம். ஆர்சிங்க்கில் போவது சிறிய பிரதிகளும் கணக்கு ஷீட்டும்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்காரர்கள் ரயிலுக்கு எங்கள் மண்டபம் பக்கம்தான் வந்து ஏறினார்கள். ஹார்டு டிஸ்க்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை!

ஆனால் 400 எம்பிக்கு பஸ் வேண்டாம். அதே 2 எம்பிபிஎஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நண்டு செட்டுக்கு அன்றன்று கணக்கு வேண்டும், மறுநாள் இல்லை.

ராம்நாடு_லினக்ஸ்

சரி, இப்போது எல்லோரும் விட்டுவிட்ட இடத்துக்கு வருவோம். அனுப்புவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. போகவில்லை என்று யார் சொல்வது?

முதலில் பாதி ஃபைல். அந்த மென்பொருள் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றீர்கள். 40 வரி சிஎஸ்வியில் 25 வரி ஏறியிருக்கும்போது அது எடுத்துப் படித்தால், 15 வத்தைக்குப் பட்டுவாடா இல்லை. ஏலம் முடியும் முன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. வின்எஸ்சிபி 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைலைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயர் மாற்றும். போட்டோவுக்கு அது போதும். உங்கள் சிஎஸ்வி அதை விடச் சின்னது, அதற்கு இந்தக் காப்பு தானாகக் கிடைக்காது. எனவே சர்வரில் 'வருது' என்று ஒரு ஃபோல்டர் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முதலில் அதில் ஏற்றி, ஸ்கிரிப்டின் கடைசியில் உண்மையான ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டுமே, கண்மூடித் திறப்பதற்குள் முடியும். பாதியில் நிற்கும் பேச்சே இல்லை.

இதே பாதி ஃபைல் உங்கள் பக்கமும் உண்டு. எடை மென்பொருள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை ஸ்கிரிப்ட் தூக்கிவிடும். 15 நிமிடமாகக் கை படாத ஃபைலை மட்டும் எடு என்று வின்எஸ்சிபி மாஸ்க்கில் (ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் விதி) சொல்லலாம். நிமிடத்துக்கு அங்கே 'என்' எழுத்து. 'எம்' போட்டால் மாதம் என்று எடுத்துக்கொண்டு, 15 மாதத்துக்கு முந்தைய நண்டுக் கணக்கைத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சாவி. ஆள் இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை எழுதி வைப்பதை விட எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் லேப்டாப்பில் இருக்கும் சாவி ஃபைல்) நல்லது. ஆனால் அந்தக் கீக்குக் கடவுச்சொல் போட முடியாது, ராத்திரி அதைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லை. லேப்டாப்பை யாராவது தூக்கிக்கொண்டு போனால் சாவியும் சேர்ந்து போகும். எனவே பூட்ட வேண்டியது சர்வர் பக்கம். உங்களுக்கென்று தனி யூசர், எஸ்எஃப்டிபி மட்டும், அந்த ஒரு ஃபோல்டரைத் தாண்டி எங்கும் போக முடியாது. ஆபீஸ் ஆளிடம் 'குரூட்' என்று சொன்னால் புரியும். குரூட் ஃபோல்டர் ரூட்டுக்கு (சர்வரின் நிர்வாகி) சொந்தமாக இருக்க வேண்டும், யூசருக்கு அதில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் லாகினே ஆகாது. அதற்கு உள்ளே 'வருது' ஃபோல்டருக்கும் மென்பொருள் படிக்கும் ஃபோல்டருக்கும் மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதும்.

கடைசியாக, முக்கியமானது. வின்எஸ்சிபி எல்லாம் நல்லபடி முடிந்தால் 0, இல்லாவிட்டால் 1 என்று திருப்பிச் சொல்லும். பேட்ச் ஃபைல் அதைப் பார்த்து 1 என்றால் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டட்டும். இதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். பிழை வந்தால் மெசேஜ் அனுப்பு என்று லேப்டாப்பிலேயே எழுதி வைப்பார்கள். லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தால் மெசேஜை யார் அனுப்புவது? நெட் இல்லாததால் ஃபைல் போகவில்லை என்றால், அதே நெட்டில் மெசேஜ் மட்டும் எப்படிப் போகும்? கேட்க வேண்டியது சர்வர்தான். எல்லா ஃபைலும் ஏறிய பிறகு 'முடிந்தது' என்று ஒரு காலி ஃபைலை அனுப்புங்கள். ராத்திரி 11 மணிக்கு சர்வர் அதைத் தேடட்டும். இல்லை என்றால் டெலிகிராமில் உங்களுக்கு ஒரு வரி. அங்கே கிரானில் (லினக்ஸின் டாஸ்க் ஷெட்யூலர்) நாலு வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

பாம்பன்_தம்பி

அண்ணே, 'கீப்-அப்-டு-டேட்' என்று ஒரு கட்டளை வின்எஸ்சிபியில் பார்த்தேன். ஃபோல்டரில் ஏதாவது மாறினால் அந்த நிமிடமே ஏற்றுமாம். 9 மணி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ராம்நாடு_லினக்ஸ்

ஆபீஸில் உட்கார்ந்து வெப்சைட் எழுதுகிறவனுக்கு நல்லது. நாள் முழுக்க இணைப்பைத் திறந்தே வைக்க வேண்டும், டாங்கிளில் அது நடக்காது. பகலிலும் கணக்கு வேண்டும் என்றால் அதே டாஸ்க்கை ஒரு மணிக்கு ஒருமுறை ஓட வைக்கலாம். ஏறிய ஃபைலை 'அனுப்பியது' என்ற ஃபோல்டருக்கு ஸ்கிரிப்டே நகர்த்தினால் மறுபடி அனுப்பாது. 'முடிந்தது' ஃபைல் மட்டும் ராத்திரிதான் போக வேண்டும்.

கீழக்கரை_ஸ்டுடியோ

'சிங்க்' என்ற பெயரில் எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை யோசியுங்கள். ஆர்குளோன் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் 'காப்பி' வேறு, 'சிங்க்' வேறு. சிங்க் என்றால் இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். லினக்ஸில் ஹார்டு டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (இணையாமல்) காலி ஃபோல்டர் மட்டும் நின்றால், "ஓ, எல்லாம் அழிந்துவிட்டது போல" என்று சர்வரையும் துடைத்துவிடும். வின்எஸ்சிபியின் சிங்க்ரனைஸ் நாம் 'டிலீட்' என்று கேட்காமல் அழிக்காது, அந்த வகையில் நல்ல பிள்ளை. பெரிய ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஆர்குளோன் எஸ்எஃப்டிபியில் பாதி ஏறிய ஃபைலை விட்ட இடத்தில் இருந்து தொடராது, முதலில் இருந்து ஏற்றும்.

நண்டுசெட்_கணக்கு

டிக்குகளை எடுத்ததும் தினமும் ஓடுகிறது. 'வருது' ஃபோல்டரும் போட்டுவிட்டார்கள். புதிதாக ஒரு குழப்பம். மணிக்கு ஒருமுறை ஓட வைத்தேன் அல்லவா? விடியக்காலம் நாலரைக்கு எடை போட்டு 5 மணிக்கு ஏறிய லாட்டுகள் மென்பொருளில் முந்தின நாள் கணக்கில் விழுகின்றன. 6 மணிக்கு ஏறியது சரியாக விழுகிறது. லேப்டாப்பில் தேதி, நேரம் எல்லாம் சரி.

ராம்நாடு_லினக்ஸ்

சர்வர், நம்மை விட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் 5 மணி என்பது அங்கே முந்தின நாள் ராத்திரி 11.30. காலை ஐந்தரைக்கு முன் வருவது எல்லாம் அதற்கு நேற்றுதான். சர்வர் நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள், மற்ற வேலைகள் குழம்பும். ஃபைல் பெயரிலேயே உங்கள் தேதியைப் போட்டு, ஏறிய நேரத்தைப் பார்க்காமல் அந்தப் பெயரைப் பார் என்று மென்பொருள் ஆளிடம் சொல்லுங்கள். 2025-06-20 மாதிரி வருஷம் முதலில் வரட்டும், வரிசையும் தானாக வந்துவிடும். எழுதும்போது முக்காற்புள்ளி போட்டு நேரம் எழுதாதீர்கள், விண்டோஸ் ஃபைல் பெயரில் அதை ஏற்காது.

நண்டுசெட்_கணக்கு

முடிந்தது. இப்போது இருக்கும் நிலை, தேவைப்படுகிறவர்களுக்காக: வின்எஸ்சிபி ஸ்கிரிப்ட், கீ, மணிக்கு ஒருமுறை டாஸ்க், 15 நிமிட மாஸ்க், 'வருது' ஃபோல்டர், ராத்திரி 'முடிந்தது' ஃபைல், 11 மணிக்கு டெலிகிராம். போன வாரம் டாங்கிளில் ரீசார்ஜ் தீர்ந்து ஒன்றும் போகவில்லை. 11.02-க்கு மெசேஜ் வந்தது. ராத்திரியே போன் ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பிவிட்டேன், காலையில் யாரும் வந்து நிற்கவில்லை. ஏர்வாடி அண்ணன் சொன்னபடி டாங்கிளின் முனையையும் துடைத்தேன், உண்மையிலேயே பச்சை.

ஏர்வாடி_நெட்

சொன்னேன்ல.

தொண்டி_கருவாடு

நல்ல இழை. எங்களிடம் லேப்டாப் இல்லை, எல்லா போட்டோவும் மொபைலில்தான் எடுக்கிறோம். அதில் இருந்து நேராக சர்வருக்கு இதே மாதிரி அனுப்ப முடியுமா?

பாம்பன்_தம்பி

ஆண்ட்ராய்டு என்றால் முடியும். டெர்மக்ஸ் என்ற ஆப்பைப் போட்டால் அதற்குள் ஆர்சிங்க், எஸ்எஃப்டிபி இரண்டும் ஓடும். பேட்டரி சேமிப்பில் இருந்து டெர்மக்ஸுக்கு விலக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போன் அதைத் தூங்க வைத்துவிடும். ஐபோன் என்றால் கதையே வேறு, தனி இழை தொடங்குங்கள்.